உழவர் குழு சரியாக இயங்குகிறதா? அவரை விதையால் நீங்களே மதிப்பிடலாம்

கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 100 சிறு, குறு விவசாயிகள் கொண்ட உற்பத்தியாளர் குழுவுக்கு ரூ.5 லட்சம் தொகுப்பு நிதி வழங்கப்பட்டது. அதில் வாங்கிய பவர் டில்லர் எல்லோருக்கும் கிடைக்கிறதா, நாலு பேர் வயலில் மட்டும் ஓடுகிறதா? இதை அறிய அதிகாரி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

நம் பகுதிக்கு இது புதிதல்ல. கிருஷ்ணகிரி அடங்கிய அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான் 1989-ல் மகளிர் குழுக்களுக்கான அரசுத் திட்டம் தொடங்கியது. தவறாத கூட்டம், சேமிப்பு, உள்கடன், காலத்தில் திருப்பிச் செலுத்துதல், சரியான கணக்கு ஆகிய ஐந்தையும் பார்த்தே வங்கிகள் மகளிர் குழுக்களை எடைபோடுகின்றன.

உழவர் ஆர்வலர் குழுவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இக்கேள்விகளைக் கேட்கலாம்:

1. கூட்டத்தில் என் பேச்சு எடுபடுகிறதா?
2. கேட்ட நேரத்தில் கருவி கிடைக்கிறதா?
3. வரவு செலவு வாசிக்கப்படுகிறதா?
4. கூட்டுக் கொள்முதலில் பணம் மிச்சமாகிறதா?

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மூடிய பானை வையுங்கள். உறுப்பினர் ஒவ்வொருவரும் 0 முதல் 5 அவரை விதை வரை மறைவாகப் போடட்டும். 20 பேர் குழுவில் முழு மதிப்பெண் 100. ஐம்பதுக்குக் கீழே வந்தால் காரணத்தைப் பேசி, தீர்வைத் தேதியுடன் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

பானையைப் பொறுப்பாளர்கள் எண்ணக்கூடாது. சிப்காட் ஷிப்டுக்குப் போகும் உறுப்பினர்களும் வரும்படி நாள் குறியுங்கள். வராதவர் குறைதான் பெரும்பாலும் பதிவாகாமல் போகிறது.