கரையில் மணல், கொழும்பில் கணக்கு

மாரி முடிந்து வாடைக்காற்று தணிகிற காலத்தில் புல்மோட்டைக் கரைக்குப் போனால், கடல் புதிதாகக் கொண்டுவந்து கொட்டிய கறுப்பு மணலைக் காணலாம். சில இடங்களில் அது வெளிர் மணலின் மேல் வரி வரியாகப் படிந்திருக்கும். சில இடங்களில் கரை முழுவதுமே கறுத்துக் கிடக்கும். ஒரு கை அள்ளினாலே சாதாரண மணலை விடப் பாரம் என்பது தெரிந்துவிடும். இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன் ஆகிய மூன்றும் அதில் முக்கியமானவை. நூற்றுக்கு எழுபது பங்களவு இல்மனைட். சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ற் முதல் பற்பசை வரை வெண்மை கொடுக்கும் டைட்டேனியம் டையொக்சைட்டை இதிலிருந்துதான் எடுக்கிறார்கள். ரூட்டைல் வெல்டிங் கம்பிக்கும், சிர்க்கோன் தரைக்குப் பதிக்கும் டைல்ஸுக்கும் போகின்றன.

இதே மூன்று கனியங்களும் இதே இந்து சமுத்திரத்தின் மேற்குக் கரையில், கென்யாவின் குவாலேயிலும் கிடைத்தன. அங்கே 2013ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய அகழ்வு 2024 டிசம்பரில் முடிந்துவிட்டது. அந்தப் பதினொரு ஆண்டுகளில் குவாலே மக்களுக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்காமல் போனது என்பதைப் புல்மோட்டைக்காரர் அறிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நம் கரை. திருகோணமலை நகரிலிருந்து வடக்கே, நிலாவெளி, குச்சவெளி, திரியாய் எல்லாம் தாண்டி ஏறக்குறைய 55 கிலோமீற்றர் போனால் புல்மோட்டை. ஊருக்குத் தெற்கே யான் ஓயா கடலில் கலக்கிறது. வடக்கே கொக்கிளாய்க் களப்பு. அதைத் தாண்டினால் முல்லைத்தீவு மாவட்டம், வடக்கு மாகாணம். இரண்டு மாகாணங்களின் எல்லையில் இருப்பதால் இந்த ஊருக்கு வந்த தொல்லைகள் ஏராளம். நிர்வாகத்தில் குச்சவெளிப் பிரதேச செயலகத்துக்கும் குச்சவெளிப் பிரதேச சபைக்கும் உட்பட்டது. தமிழ் பேசும் முஸ்லிம்களே பெரும்பான்மை. சுற்றியுள்ள ஊர்களில் தமிழரும் சிங்களவரும் வாழ்கிறார்கள். கடற்றொழில், வயல், சிறு வியாபாரம், அதோடு ஊரார் 'இல்மனைட் கூட்டுத்தாபனம்' என்று சொல்கிற தொழிற்சாலை. இவைதான் பிழைப்பு. மாவட்டம் முழுவதையும் எடுத்தால் பரப்பு 2,727 சதுர கிலோமீற்றர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி சனத்தொகை 3.8 இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. பத்துப் பேரில் நால்வர் முஸ்லிம்கள், மூவர் தமிழர், சிங்களவர் மூவருக்குச் சற்றுக் குறைவு. ஒரு சமூகமும் பாதியைத் தொடாத மாவட்டம் இது.

இந்த மணல் எங்கிருந்து வந்தது? இலங்கையின் மலைநாட்டுப் பாறைகள் தேய்ந்து, ஆறுகளால் அடித்து வரப்பட்டு, கடலோர நீரோட்டத்தால் வடக்கே தள்ளப்பட்டு இங்கே தங்குகின்றன என்பதே புவியியலாளர் பொதுவாகச் சொல்லும் விளக்கம். பாரமான கனியங்களைக் கரையில் விட்டுவிட்டு, இலேசான மணலை அலை இழுத்துப்போகிறது. அந்தப் பாறைகளின் கதை இன்னும் பழையது. 50 கோடி ஆண்டுகளுக்கு முன் கொண்டுவானா என்ற பெருங்கண்டத்தில் இலங்கை, தென்னிந்தியா, மடகஸ்கார், கிழக்கு ஆபிரிக்கா எல்லாம் ஒட்டிக் கிடந்தன. கென்யாவிலிருந்து மொசாம்பிக் வரை ஓடும் பழம்பாறைப் பட்டையும் நம் மலைநாட்டுப் பாறைகளும் அந்தக் காலத்தின் ஒரே அழுத்தத்தில் உருமாறியவை. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் மொசாம்பிக் கரையிலும் மடகஸ்காரிலும் இதே வகை மணல் கிடைப்பது இதனால்தான்.

கென்யா நம்மைப் போல் ஒன்பது மடங்கு பெரிய நாடு. 5,80,000 சதுர கிலோமீற்றருக்கு மேல். 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சனத்தொகை 4 கோடியே 75 இலட்சம். பூமத்திய ரேகை நாட்டின் நடுவே போகிறது. ஆனாலும் 5,199 மீற்றர் உயரமான கென்யா மலையின் உச்சியில் பனிப்பாளம் உண்டு. வடக்கிலிருந்து தெற்காகப் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு நாட்டைக் கிழித்துக்கொண்டு போகிறது. அதன் இரு பக்கத்து மேட்டுநிலங்களில் மழை, தேயிலை, நெருக்கமான குடியிருப்பு. மேற்கே விக்டோரியா ஏரி, வடக்கே துர்க்கானா ஏரி. மீதி நிலத்தில் பெரும்பகுதி வறண்டது. நாட்டில் ஐந்தில் நான்கு பங்கு வறண்ட, அரை வறண்ட நிலம் என்றால் நம்புவது கடினம். மக்கள் மேட்டுநிலங்களில் இப்படி நெருங்கியிருப்பதற்கும், அங்கே நிலம் அரசியலின் உயிர்நாடியாக இருப்பதற்கும் காரணம் அதுதான்.

கரையோரம் வேறு உலகம். தென்னை, மரமுந்திரி, பவளப்பாறை, பள்ளிவாசல். நம்முடைய வாடையும் கச்சானும் போல அங்கே கஸ்காசி, கூசி என்ற இரு பருவக்காற்றுகள். அரபு மரக்கலங்கள் பல நூற்றாண்டுகள் அந்தக் காற்றுகளை நம்பித்தான் ஓடின.

திருகோணமலைக்கும் மொம்பாசாவுக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. இதை நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்பது என் விருப்பம். 1942 ஏப்ரல் 5இல் கொழும்பையும் 9இல் திருகோணமலையையும் ஜப்பானிய விமானங்கள் தாக்கின. ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. அதன்பின் பிரித்தானியக் கீழைத்தேயக் கடற்படை பின்வாங்கிய இடங்களில் முக்கியமானது மொம்பாசாவின் கிலிண்டினித் துறைமுகம். பிறகு ஆபிரிக்கப் படையினர் இங்கே வந்தார்கள். கிழக்கு ஆபிரிக்காவின் 11ஆவது டிவிசன் இலங்கையில் பயிற்சி பெற்று 1944இல் பர்மாப் போர்முனைக்குப் போனது. அந்த ஆண்டு பெப்ரவரியில் மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கெடிவ் இஸ்மாயில் கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்தபோது ஏறக்குறைய 1,300 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் ஆபிரிக்க வீரர்கள். யாருடைய போருக்கோ இரண்டு கரை மக்களும் உயிர் கொடுத்தார்கள்.

கென்யா 1963 டிசம்பர் 12இல் சுதந்திரம் பெற்றபோது 'மஜிம்போ' எனப்பட்ட பிராந்திய ஆட்சி முறை ஒன்று அரசியலமைப்பில் இருந்தது. பெரிய இனங்கள் தங்களை விழுங்கிவிடும் என்று அஞ்சிய சிறு சமூகங்களும் கரையோர மக்களும் கேட்டுப் பெற்ற முறை அது. அது சில ஆண்டுகளுக்குள்ளேயே கலைக்கப்பட்டது. அதிகாரம் எல்லாம் நைரோபிக்குப் போனது. மாகாணங்களை ஜனாதிபதி நியமித்த ஆணையாளர்கள் ஆண்டார்கள். நாற்பதுக்கு மேற்பட்ட இனங்கள் வாழும் நாட்டில், ஜனாதிபதி எந்த இனத்தவரோ அந்த இனத்தின் பக்கம் வீதியும் வேலையும் போகும் என்ற கசப்பு வளர்ந்தது. 2007 டிசம்பர்த் தேர்தலின் பின் அது வெடித்தது. 1,100 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். ஏறக்குறைய ஆறு இலட்சம் பேர் இடம்பெயர்ந்தார்கள். ஐ.நா.வின் முன்னாள் பொதுச் செயலாளர் கொஃபி அனான் வந்து சமரசம் பேசினார். அந்த இரத்தத்தின் பிறகு பிறந்ததுதான் 2010 ஆகஸ்ட் 27இல் நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பு.

அதன்படி நாடு 47 கவுண்டிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் மக்களே நேரடியாகத் தெரிவுசெய்யும் ஆளுநரும், மன்றமும் உண்டு. தேசிய அரசு திரட்டும் வருவாயில் 15 வீதத்துக்குக் குறையாத பங்கு கவுண்டிகளுக்குப் போகவேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். கவுண்டிகளின் நலனைக் காக்க செனற் என்ற இரண்டாவது சபை. நம் நாட்டில் 'ஆளுநர்' என்றால் ஜனாதிபதி நியமிப்பவர். அங்கே ஆளுநர் வாக்குக் கேட்டு வீடு வீடாக வரவேண்டியவர்.

மொம்பாசாவுக்குத் தெற்கே தன்சானியா எல்லை வரை உள்ளது குவாலே கவுண்டி. பரப்பு 8,270 சதுர கிலோமீற்றர், அதாவது திருகோணமலை மாவட்டத்தைப் போல் மூன்று மடங்கு. 2019இல் 8,66,820 பேர். டிகோ, டுருமா இனத்தவர் அதிகம். டிகோ மக்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள், மீன்பிடியும் தென்னையும் அவர்கள் தொழில். டியானி என்ற உல்லாசக் கடற்கரை அங்குண்டு, நமக்கு நிலாவெளி போல. 2013 மார்ச்சில் சலீம் முவுர்யா அங்கே முதல் ஆளுநரானார். அதே ஆண்டின் முடிவில் அவுஸ்திரேலியக் கம்பனியொன்றின் கிளையான பேஸ் டைட்டேனியம் மணலை அகழத் தொடங்கியது. 2014 பெப்ரவரியில் முதல் கப்பல் மொம்பாசாவின் லிக்கோனியிலிருந்து புறப்பட்டது. கென்யாவின் மிகப் பெரிய அகழ்வுத் தொழிலாக அது வளர்ந்தது.

இதற்கு விலை கொடுத்தவர்கள் ஊரார். நுகுலுக்கு என்ற ஊரின் குடும்பங்கள் தென்னையையும் மூதாதையர் மண்ணையும் விட்டு புவிட்டி என்ற இடத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அகழ்வு நடந்தது கரையில் இல்லை, உள்நாட்டு மணல்மேடுகளில். புல்மோட்டையிலோ ஒவ்வொரு மாரியும் கடல் ஓரளவுக்குத் திருப்பித் தருகிறது. குவாலேயில் தோண்டினால் தீர்ந்தது தீர்ந்ததுதான்.

2016இல் கென்யா புதிய சுரங்கச் சட்டம் கொண்டுவந்தது. கனியத்துக்காகக் கம்பனி செலுத்தும் ரோயல்ட்டிப் பணத்தில் 70 வீதம் தேசிய அரசுக்கு, 20 வீதம் கவுண்டி அரசுக்கு, 10 வீதம் அகழ்வு நடக்கும் ஊர்ச் சமூகத்துக்கு. இந்தப் பிரிப்பைப் படித்தபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது. ஆனால் மீதிக் கதையையும் சொல்லவேண்டும். விதிமுறைகள் தயாராகவில்லை என்ற காரணத்தால் கவுண்டியின் பங்கும் ஊரின் பங்கும் பல ஆண்டுகள் நைரோபியிலேயே தங்கின. சட்டம் இருந்தும் காசு வரவில்லை. ஆனாலும் குவாலே மக்களின் பேச்சு யாசகமாக இல்லை. எங்கள் 10 வீதம் எங்கே என்று கேட்டார்கள். கேட்பதற்கு ஓர் ஆளுநர், ஒரு செனற்றர், ஒரு சட்டப் பிரிவு இருந்தன. 2022இல் முவுர்யாவே நாட்டின் சுரங்கத்துறை அமைச்சரானார். அவருக்குத் துணையாக இருந்த ஃபத்துமா அச்சானி தேர்தலில் வென்று ஆளுநரானார். மணல் எடுத்த மண்ணிலிருந்து ஒருவர், மணலைப் பற்றி முடிவெடுக்கும் நாற்காலிக்குப் போகும் வழி அங்கே திறந்திருந்தது.

நம் பக்கத்தைப் பார்ப்போம். கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957இல் அமைக்கப்பட்டது. இன்று அது லங்கா மினரல் சாண்ட்ஸ் என்ற அரச கம்பனி. கென்யாவை விட ஐம்பது ஆண்டு முந்திய அனுபவம் நமக்கு. இடையில் போர். 1997 செப்டம்பரில் புல்மோட்டைக்கு அப்பால் இல்மனைட் ஏற்றிக்கொண்டிருந்த கோர்டியாலிற்றி என்ற கப்பலை விடுதலைப் புலிகள் தாக்கினார்கள். சீன மாலுமிகளும் உயிரிழந்தார்கள். 2004 டிசம்பர் 26இல் சுனாமி. 2009 மார்ச்சில், புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் வந்த காயக்காரர்கள் இறக்கப்பட்டது இந்தக் கரையில்தான். இந்திய மருத்துவக் குழு இங்கே அமைத்த கள வைத்தியசாலையில் கை கால் இழந்த குழந்தைகளுக்குச் சிகிச்சை நடந்தது. இவ்வளவும் தாங்கிய ஊர் இது.

இந்த ஊரின் மணலைப் பற்றி முடிவெடுப்பது யார்? 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி மண்ணுக்குள் இருக்கும் கனியங்கள் குடியரசுக்கே சொந்தம். அனுமதி கொடுப்பது கொழும்பை மையமாகக் கொண்ட பணியகம். ரோயல்ட்டி போவது மத்திக்கு. கனியம் எடுக்கப்படும் ஊருக்கோ, பிரதேச சபைக்கோ இவ்வளவு வீதம் என்று சட்டத்தில் ஒரு வரி கிடையாது. கம்பனி ஊருக்கு எதைச் செய்தாலும் அது அதன் மனமுவந்த உதவியாகவே நிற்கும், உரிமையாகாது. வேலை யாருக்குப் போகிறது என்ற கேள்வி ஊரில் ஓயாமல் எழுவதும் இதனால்தான்.

மாகாண சபையாவது குரல் கொடுக்குமா? 1987இன் 13ஆவது திருத்தத்தால் வந்த சபைகளில் வடக்கும் கிழக்கும் முதலில் இணைந்திருந்தன. உயர் நீதிமன்றத் தீர்ப்பின் பின் 2007 ஜனவரியில் பிரிந்தன. 2008 மே மாதத்தில் கிழக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல். மொத்தம் 37 ஆசனங்கள், திருகோணமலைக்கு 10. இரண்டாவது சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றுகிறோம் என்று சொல்லிச் சட்டத்தைத் திருத்தினார்கள். எல்லை மீள்நிர்ணய அறிக்கையை 2018இல் பாராளுமன்றம் நிராகரித்தது. அன்றோடு மாகாணத் தேர்தல் அந்தரத்தில் தொங்கியது. மாகாணத்தை நியமன ஆளுநர்களே நடத்தினார்கள். 2020 ஜூனில் கிழக்கின் தொல்லியல் மரபுகளுக்கென ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டபோது, தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான அந்தக் குழுவில் தொடக்கத்தில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. நிலம், கரை, மணல் எல்லாவற்றையும் பற்றிய பேச்சில் உள்ளூர்க்காரருக்கு நாற்காலி போடாத பழக்கம் இது.

225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் திருகோணமலைக்கு நான்கு பேர். நால்வரும் ஒரே கட்சியினர் அல்லர், ஒரே சமூகத்தினரும் அல்லர். ஆனாலும் புல்மோட்டை மணல் விடயத்தில் அவர்கள் சேர்ந்து நிற்பதற்குத் தடை ஒன்றும் இல்லை. சிங்கள மீனவரின் கரையும் முஸ்லிம் மீனவரின் கரையும் தமிழ் மீனவரின் கரையும் ஒரே அலையைத்தான் பார்க்கின்றன. கரையில் மணல் அள்ளினால் அரிப்பு வருமா என்ற பயமும் மூவருக்கும் பொது.

கென்யா செய்ததைச் செய்ய நாம் அரசியலமைப்பை மாற்றவேண்டியதில்லை. அவர்களின் 70-20-10 ஒரு சாதாரணச் சட்டத்தில்தான் இருக்கிறது. நம்முடைய 1992ஆம் ஆண்டுச் சட்டமும் சாதாரணச் சட்டமே. சாதாரணப் பெரும்பான்மையால் திருத்தலாம். ரோயல்ட்டியில் குறிப்பிட்ட வீதம் கனியம் எடுக்கப்படும் பிரதேச சபையின் கணக்குக்கு, ஆண்டுதோறும், திகதி குறித்து, நேரடியாகப் போகவேண்டும் என்று ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும். திகதியை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், குவாலே மக்கள் ஏமாந்த இடம் அதுதான். புல்மோட்டையோடு இது நிற்காது. எப்பாவலயின் பொஸ்பேற், போகலயின் காரீயம், புத்தளத்துச் சுண்ணாம்புக்கல் என்று கனியம் எடுக்கப்படும் ஒவ்வொரு சிங்கள ஊருக்கும் தமிழ் ஊருக்கும் அது சேரும். அந்த ஊர்களின் உறுப்பினர்களையும் சேர்த்துக்கொண்டு திருகோணமலையின் நால்வரும் இதை அரசாங்கமே சட்டமூலமாகக் கொண்டுவரவேண்டும் என்று சபையில் வலியுறுத்தலாம்.