அட்டையை வைத்தால்தான் பீர் நிற்கும்!

காய்ச்சல் கண்டால் துணியில் நனைத்து நெற்றியில் போடும் ஓடிகொலோன் நம் வீடுகளுக்குப் பழக்கமானதுதான். அந்த வாசனைத் தண்ணீருக்குப் பெயர் கொடுத்த ஊர், ஜெர்மனியில் ரைன் நதிக்கரையிலுள்ள கொலோன். ஆனால் உள்ளூர்க்காரரைக் கேட்டால், ஊரின் பெருமை வாசனைப் புட்டியில் இல்லை, பீர் கிளாசில்தான் இருக்கிறது என்பார்.

ரயிலில் வந்து இறங்குபவர் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் பக்கத்திலேயே 157 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது பேராலயம். 1248-ல் தொடங்கி 1880-ல் முடித்த கட்டடம்! அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தால், கூப்பிடு தூரத்தில் 1904-ல் தொடங்கிய 'ஃபிரூ' என்ற பீர் விடுதி இருக்கிறது.

நம் ஊர் மதுக்கடையை மனதில் வைத்துக்கொண்டு நுழைபவர் திகைத்துப் போவார். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு ஓடும் அவசரம் இங்கே இல்லை. நீள நீளமான மர மேஜைகள். பேரனோடு பாட்டி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்தாலும் யாரும் தவறாக நினைப்பதில்லை.

கேட்காமலே வரும் கிளாஸ்

இந்த ஊர் பீரின் பெயர் 'கோல்ஷ்'. ஊர்க்காரர் பேசும் கொச்சை ஜெர்மனுக்கும் அதே பெயர்தான். பொன்னிறம், லேசான கசப்பு. சாராயச் சத்து நூற்றுக்கு ஐந்து பாகத்தை ஒட்டியிருக்கும். கொலோனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் காய்ச்சினால்தான் கோல்ஷ் என்று 1986-ல் 24 ஆலைகள் கூடி ஒப்பந்தம் செய்துகொண்டன. 1997-ல் ஐரோப்பிய சட்டமும் அந்தப் பெயருக்குக் காவல் கொடுத்தது. பழநி பஞ்சாமிர்தத்துக்கு நம் நாட்டில் 2019-ல் கிடைத்ததே, அந்த மாதிரி.

பரிமாறுபவரை 'கோபெஸ்' என்பார்கள். யாக்கோபு என்ற பெயரின் உள்ளூர்த் திரிபு அது. நீலச் சட்டை, நீண்ட மேலங்கி, கையில் கிளாஸ்களைச் செருகிய வட்டத் தட்டு. தேனொழுகும் பேச்சை அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. தண்ணீர் கேட்டால், "சோப்பும் துண்டும் வேண்டுமா?" என்பாராம்! பக்கத்து ஊரான டுஸ்ஸல்டார்ஃபின் செம்பழுப்பு பீரைக் கேட்டுவிட்டாலோ, வம்புதான்.

புதியவர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. கிளாஸ் மிகச் சிறியது, 200 மில்லிதான். நுரை அடங்கிச் சூடேறும் முன் குடித்து முடிக்கத்தான் அந்த அளவு. காலியானதும் கோபெஸ் கேட்காமலே அடுத்ததை வைத்து, கிளாசுக்கு அடியிலுள்ள அட்டையில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். "வேண்டாம்" என்று சொல்லும் வழி ஒன்றே ஒன்று: அட்டையை எடுத்துக் கிளாஸ் மேல் மூடிவிட வேண்டும். இது தெரியாதவர், மரியாதைக்காகக் குடிப்பதா, குடித்ததால் மறுபடி வருகிறதா என்று புரியாமல் முழிப்பார்.

'சின்னக் கிளாஸ்தானே' என்று மனசு சமாதானம் சொல்லும். பத்துக் கோடு விழுந்தால் இரண்டு லிட்டர் உள்ளே போயாயிற்று! பணத்தை எண்ணிச் செலவழிப்பவருக்கு அந்த அட்டைதான் துணை. நம் ஊரில் பால்காரர் சுவரில் போட்ட கோடு மாதிரி, கொடுத்தவரும் வாங்கியவரும் பார்க்கும்படி கணக்கு கண்ணெதிரே இருக்கிறது. மூன்றாவது கோட்டிலேயே அட்டையைக் கவிழ்த்தாலும் யாரும் ஏளனம் செய்யப் போவதில்லை.

அரைக் கோழியில் கோழி இல்லை

சாப்பாட்டுப் பட்டியலில் 'அரைச் சேவல்' என்று பொருள்படும் பெயர் ஒன்று உண்டு. ஆசையோடு கேட்டால் வருவது கம்பு போன்ற ரை மாவு ரொட்டி, வெண்ணெய், கனமான பாலாடைக்கட்டித் துண்டு, கடுகு விழுது, வெங்காயம். சைவக்காரருக்கு அதிர்ஷ்டம்! ஆனால் 'வானமும் பூமியும்' என்ற பதார்த்தத்தில் அவர் ஏமாறக் கூடாது. மரத்து ஆப்பிளும் மண்ணுக்குள் விளைந்த உருளைக்கிழங்கும்தான் அந்தப் பெயருக்குக் காரணம் என்றாலும், கூடவே இரத்தம் சேர்த்த பன்றிக்கறித் துண்டும் வரும்.

எழுந்திருக்கும்போது கோபெஸ் கோடுகளை எண்ணித் தொகை சொல்வார். சில்லறையை மேலே சேர்த்து முழுத் தொகையாகக் கொடுப்பது வழக்கம். காரில் வந்தவர் சாவியை வீட்டுக்காரியிடம் கொடுத்துவிடுவது நல்லது. போலீஸ் ஊதச் சொல்லும். ரயிலில் வந்தவருக்கு அந்தக் கவலை இல்லை, பிளாட்பாரம் ஐந்து நிமிஷ நடைதான்.