ஊருக்குப் போக உகந்த காலம் எது?

இலங்கைக்குச் செல்வதற்குச் சிறந்த காலம் டிசம்பர் முதல் மார்ச் வரை என்றே உல்லாசப் பயணிகளுக்கான கையேடுகள் பெரும்பாலும் கூறுகின்றன. அக்கூற்றுப் பொய்யன்று. ஆயினும் அது காலி, பெந்தோட்டை, ஹிக்கடுவை முதலிய தென்மேற்குக் கரையோரங்களை மனத்திற் கொண்டு எழுதப்பட்டதாகும். அதனை நம்பி டிசம்பர் முற்பகுதியில் யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ குடும்பத்தோடு செல்லும் எம்மவர், வெள்ளம் நிற்கும் ஒழுங்கைகளையும் காயாத உடுப்புகளையும் நுளம்புத் தொல்லையையும் கண்டு திரும்ப நேரிடலாம். நாம் போகும் ஊர் வேறு. ஆகவே நாம் பார்க்கவேண்டிய பருவமும் வேறு.

இரு காற்றுகள்

மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்மூரார் சோளகம் என்பர். அது தன் மழையைத் தென்மேற்குக் கரையிலும் மலைநாட்டின் மேற்குச் சரிவிலும் கொட்டிவிட்டு, வடக்குக் கிழக்கை வந்தடையும்போது வறண்ட காற்றாகிவிடுகிறது. கொழும்பு நனையும் அம்மாதங்களில் வன்னியிற் புழுதி பறக்கும். அதேவேளை திருகோணமலை நிலாவெளியிலும் மட்டக்களப்புப் பாசிக்குடாவிலும் கடல் அமைதியாக இருக்கும்.

வாடைக்காற்றுக் காலம் இதற்கு நேர்மாறானது. யாழ்ப்பாணம் ஆண்டு முழுவதும் பெறும் மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. பெரிய ஆறெதுவும் இல்லாத குடாநாட்டுக்கு இம்மழையே உயிர். சுண்ணக்கற் பாறைக்குள் இறங்கித் தங்கும் இந்நீரைத்தான் ஆண்டு முழுவதும் கிணறுகளில் இறைக்கின்றோம். எனினும் புயல்களும் இதே காலத்திலேயே வருகின்றன. 1964 டிசம்பரில் மன்னாரையும் தனுஷ்கோடியையும் தாக்கிய புயல், 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி, 2008 நவம்பரில் வடக்கை வெள்ளத்தில் ஆழ்த்திய நிஷா, 2025 நவம்பர் இறுதியில் தீவு முழுவதையும் உலுக்கிய டிட்வா ஆகியன யாவும் இப்பருவத்துக்குரியவை. மழையை அடுத்து டிசம்பர், ஜனவரி மாதங்களில் யாழ்ப்பாணத்தில் டெங்குக் காய்ச்சலும் தலைதூக்குவது வழக்கம்.

ஓகஸ்டும் நல்லூரும்

பாடசாலைப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு வானிலையைவிடப் பாடசாலை நாட்காட்டியே முதல் விதி. இங்கிலாந்தில் யூலைக் கடைசியில் தொடங்கும் ஆறுவார விடுமுறையே ஒரே நீண்ட விடுமுறை. தவணைக்காலத்திற் பிள்ளையை அனுமதியின்றி அழைத்துச் சென்றால், 2024 ஓகஸ்ட் முதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு பெற்றோருக்கும் 80 பவுண் தண்டம் விதிக்கப்படலாம். 21 நாட்களுக்குள் செலுத்தாவிடின் அது 160 பவுண் ஆகும். இதை அறிந்துதானோ என்னவோ, விமானச்சீட்டின் விலையும் அந்த ஆறு வாரங்களில் ஏறிவிடுகிறது.

ஓகஸ்ட் மாதத்துக்கு ஒரு பெருஞ்சிறப்புண்டு. நல்லூர்க் கந்தனின் இருபத்தைந்து நாட் திருவிழா பெரும்பாலும் இம்மாதத்தையே தழுவி வருகிறது. மடுமாதாவின் ஆவணித் திருநாளும் ஓகஸ்ட் 15 ஆகும். ஆனால் நல்லூர்த் திருவிழா அமாவாசையைக் கொண்டு கணிக்கப்படுவதால் ஆண்டுக்காண்டு நகரும். 2025இல் யூலை 29ஆம் திகதி கொடியேறி, ஓகஸ்ட் 21ஆம் திகதி தேர் ஓடியது. விடுமுறையிற் சென்ற பிள்ளைகள் முழுவதையும் கண்டனர். 2023இலோ ஓகஸ்ட் 21ஆம் திகதியே கொடியேறிற்று. தேர் செப்டெம்பர் 13ஆம் திகதி ஓடியபோது லண்டனில் வகுப்புகள் தொடங்கிவிட்டன. ஆகவே சீட்டுப் பதிவு செய்யுமுன் பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொள்வது நன்று.

நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பாடிய ஆடிப்பிறப்பு யூலை 17ஆம் திகதியை ஒட்டி வருகிறது. லண்டன் பாடசாலைகள் மூடுவதற்கு அப்போது ஏறத்தாழ ஒரு வாரம் இருக்கும். இங்கு தமிழ்ப் பள்ளிகளில் அப்பாடலை ஒப்புவிக்கும் பிள்ளைகள் ஊரில் ஆடிக்கூழ் குடிக்கும் வாய்ப்பை இவ்வாறு ஒரு வார இடைவெளியில் இழந்துவிடுகின்றனர். பனம்பழம் மட்டும் அவர்களுக்காகக் காத்திருக்கும்.

தை, மாசி

விடுமுறைக்குக் கட்டுப்படாதவர்களுக்கு ஜனவரி நடுப்பகுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரையான காலமே மிக உகந்தது என்பது என் துணிபு. மழை ஓய்ந்திருக்கும், கிணறுகளில் நீர் நிறைந்திருக்கும், இரணைமடுக்குளம் ததும்பும், காலபோக நெல் முற்றி அறுவடை நடைபெறும். வெயில் இருக்கும், ஆனால் வாட்டாது. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையிற் பட்டங்கள் ஏறும். பனங்கிழங்கு அவியும். மாசியில் திருக்கேதீச்சரத்துச் சிவராத்திரி வரும். தெற்கிலும் அப்போது மழை குறைவாதலால் வழியில் கொழும்பிலோ கண்டியிலோ தங்குவோருக்கும் இடரில்லை.

ஓகஸ்டில் மட்டும் சென்றுவரும் எங்கள் பிள்ளைகள், வாடிய புல்லையும் வெடித்த வயலையும் கண்டு, தங்கள் பெற்றோரின் மண் வறண்ட மண் என்றே எண்ணி வளர்கின்றனர். பச்சை வயலை அவர்கள் ஒருமுறையேனும் காணவேண்டும். பல்கலைக்கழகம் புகுமுன் ஓராண்டு ஓய்வெடுக்கும் இளையோருக்கும், தொழிலில் இறங்கிவிட்ட மக்களுக்கும் தை மாதப் பயணத்தைப் பரிந்துரைக்கலாம்.

சித்திரை வருடப்பிறப்பு ஈஸ்டர் விடுமுறையை அண்டி வரும் ஆண்டுகளில் பலர் அக்காலத்தைத் தேர்வர். அந்நாட்களில் யாழ்ப்பாணத்தில் நண்பகற் சூரியன் ஏறக்குறையத் தலைக்கு நேரே நிற்கும் என்பதை மறத்தலாகாது. நுங்கு உண்டு, ஆயினும் முதியோரும் கைக்குழந்தைகளும் அவ்வெப்பத்தைத் தாங்குவது கடினம்.

பருவம் பார்க்க இயலாதபோது

எம்மவர் பயணத்தை நெடுங்காலம் தீர்மானித்தது மழையோ வெயிலோ அன்று. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தபோது, பலர் ஆண்டுக்கணக்கான பிரிவுக்குப் பின் ஊர் மண்ணை மிதித்தனர். 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை மூண்டு அப்பாதை மூடப்பட்டது. அது நல்லூர்த் திருவிழாக் காலம். வெளிநாடுகளிலிருந்து சென்றிருந்தோர் பலர் குடாநாட்டுக்குள்ளேயே அகப்பட்டுக்கொண்டனர். 2014 ஒக்டோபரிலேயே யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் புகையிரதம் ஓடியது.

இன்றும் எல்லோருக்கும் பாதை திறந்துவிடவில்லை. அகதி அந்தஸ்து மட்டும் பெற்றுக் குடியுரிமை பெறாதோருக்குப் பிரித்தானிய உள்துறை அமைச்சு வழங்கும் பயணப் பத்திரம் சொந்த நாட்டுக்குச் செல்லுபடியாகாது. வேறு வழியாற் சென்றுவருவதும் அந்தஸ்தை இழக்க ஏதுவாகலாம். அத்தகையோர் சட்டத்தரணியைக் கலந்தாலோசியாது சீட்டு வாங்கலாகாது.

போர்க்காலத்தில் தாய் தந்தையரின் இறுதிக் கிரியைக்குச் செல்ல இயலாது, இங்குள்ள கோவில்களில் மோட்ச அர்ச்சனை செய்து ஆறுதல் கொண்டோர் எம்மிற் பலர். கடவுச்சீட்டும் வசதியும் கைக்கு வந்த பின்னரும், பிள்ளையின் பரீட்சை முடியட்டும், சீட்டு மலியட்டும், மழை விடட்டும் என்று நாட்களைத் தள்ளுகின்றோம். ஊரில் எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் உங்களை எதிர்பார்த்திருப்பாராயின், மேலே கூறிய பருவக் கணக்கு எதுவும் உங்களுக்குரியதன்று. தனியாகவேனும், ஒரு வாரத்துக்கேனும், குடையை எடுத்துக்கொண்டு ஐப்பசி மழையிலும் புறப்படுங்கள்.