டைட்டன் தாளும் ஸ்காட்லாந்தின் விடுதலையும்

லண்டனில் பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் பொறுப்பில் சில விசேஷமான பணத்தாள்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏ4 அளவில் இருக்கும். ஒரு தாளின் மதிப்பு பத்துக் கோடி பவுண்ட். ‘டைட்டன்’ என்று பெயர். அதற்குத் தம்பி ‘ஜெயன்ட்’. அதன் மதிப்பு பத்து லட்சம் பவுண்ட். இந்தத் தாள்கள் எந்தக் கடைக்கும் போனதில்லை. ஆனால் எடின்பரோவில் ஒருவர் ரொட்டிக் கடையில் நீட்டும் பத்து பவுண்ட் தாளின் மதிப்பு இவற்றை நம்பித்தான் நிற்கிறது.

ஸ்காட்லாந்தில் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, கிளைட்ஸ்டேல் பேங்க் ஆகிய மூன்று வணிக வங்கிகள் சொந்தப் பெயரில் பணத்தாள் வெளியிடுகின்றன. வங்கி நொடித்தால் தாளை வைத்திருப்பவர் கதி என்ன? அதற்காகத்தான் சட்டம் ஈடு கேட்கிறது. புழக்கத்தில் விடும் தாள்களுக்கு ஈடாக பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் பணத்தை அந்த வங்கிகள் ஒதுக்கி வைக்க வேண்டும். கோடிக்கணக்கில் சில்லறைத் தாள்களை அடுக்கி வைக்க முடியாது என்பதால் டைட்டனும் ஜெயன்ட்டும் பிறந்தன. ஸ்காட்லாந்தின் படம் போட்ட ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் லண்டன் நிற்கிறது. ஸ்காட்லாந்து தனி நாடாகலாமா என்ற விவாதத்தின் பொருளாதார முடிச்சு இங்கேதான் விழுகிறது.

அந்த முடிச்சு, ஸ்காட்லாந்து இங்கிலாந்துடன் இணைந்த 1707இல் விழுந்தது. 1690களின் இறுதியில் ஸ்காட்லாந்து மக்கள் தங்கள் சேமிப்பில் பெரும் பங்கைத் திரட்டி, பனாமா நிலப்பகுதியில் டேரியன் என்ற இடத்தில் ஒரு குடியேற்றத்தை நிறுவப் பார்த்தார்கள். நோயும் பட்டினியும் ஸ்பெயினின் தாக்குதலும் சேர்ந்து அதை அழித்தன. சுமார் இரண்டாயிரம் பேர் மாண்டார்கள். பணம் போட்டவர்கள் நொடித்துப்போனார்கள். இங்கிலாந்துடன் இணைந்த ஒப்பந்தத்தில் ஸ்காட்லாந்துக்கு 3,98,085 பவுண்ட் தரப்பட்டது; டேரியனில் பணத்தை இழந்தவர்களுக்கு ஈடு கொடுத்ததும் அதிலிருந்துதான். அதே ஒப்பந்தம் இரு நாட்டு நாணயத்தையும் ஒன்றாக்கியது. அந்த இழப்பீட்டுக்கான கடன் பத்திரங்களை வைத்திருந்தவர்கள் கூடி 1727இல் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தைத் தொடங்கினார்கள்.

2008 நிதி நெருக்கடியில் அதே வங்கி கவிழ்ந்தது. பிரிட்டிஷ் அரசு 4,550 கோடி பவுண்டைக் கொட்டி அதை மீட்டது. ஸ்காட்லாந்து அப்போது தனி நாடாக இருந்திருந்தால் ஐம்பது லட்சத்துச் சொச்சம் மக்கள்தொகை கொண்ட அந்த நாட்டின் கஜானா இதைத் தாங்கியிருக்குமா? தனி நாடாகலாமா என்று மக்களையே கேட்ட 2014 பொது வாக்கெடுப்பின் பிரசாரம் முழுக்க இந்தக் கேள்வி நிழலாகத் தொடர்ந்தது.

விடுதலைத் தரப்பின் தலைவர் அலெக்ஸ் சாமண்ட், பிரிந்த பிறகும் பவுண்டை லண்டனோடு முறைப்படி பகிர்ந்துகொள்வோம் என்றார். அந்த ஆண்டு ஜனவரியில் பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் ஆளுநர் மார்க் கார்னி எடின்பரோவுக்கே வந்து அதன் விலையை விளக்கினார். இரண்டு அரசுகள் ஒரே நாணயத்தை வைத்துக்கொள்வது ஒருவர் கடனுக்கு இன்னொருவர் ஜாமீன் கையெழுத்து போடுவதைப் போன்றது. ஜாமீன் போட்டவர் சும்மா இருக்க மாட்டார். எவ்வளவு செலவு செய்கிறாய், எவ்வளவு கடன் வாங்குகிறாய் என்று கேட்பார். யூரோ நாடுகள் பட்ட பாடு அப்போது எல்லார் கண்முன்னும் இருந்தது. பிப்ரவரியில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், அந்தப் பகிர்வே கிடையாது என்று கதவைச் சாத்தினார். அப்படியானால் பிரிட்டனின் கடனில் எங்கள் பங்கையும் ஏற்க மாட்டோம் என்று விடுதலைத் தரப்பு பதிலடி கொடுத்தது. வெறும் வீம்பு அல்ல அது. கடன் பத்திரங்கள் அனைத்துக்கும் தானே பொறுப்பு என்று பிரிட்டிஷ் கருவூலம் அதற்கு முந்தைய மாதமே அறிவித்திருந்தது.

மிச்சம் இரண்டு வழிகள். ஒன்று, யாரையும் கேட்காமல் பவுண்டையே புழங்குவது. பனாமா 1904 முதல் அமெரிக்க டாலரை இப்படித்தான் புழங்கிவருகிறது. டேரியன் இருந்த மண்ணே ஸ்காட்லாந்துக்கு முன்மாதிரியாகப் பேசப்பட்டது வரலாற்றின் விந்தை. பனாமாவில் மைய வங்கி இல்லை. நெருக்கடியில் வங்கிகளுக்குக் கைகொடுக்கப் புதுப் பணத்தை உருவாக்க அங்கே யாராலும் முடியாது. பெரிய வங்கிகள் இதைக் கணக்கில் எடுத்தன. வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, ‘ஆம்’ வென்றால் பதிவு அலுவலகத்தை இங்கிலாந்துக்கு மாற்றுவோம் என்றது ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து.

மற்றொன்று சொந்த நாணயம். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் வீட்டுக் கடனைப் பவுண்டில் வாங்கியிருக்கிறார். சம்பளம் புது நாணயத்தில் வருகிறது. அந்த நாணயம் சரிந்தால் கடன் கனக்கும். இதை முன்கூட்டியே அஞ்சி மக்கள் சேமிப்பை எல்லைக்கு அப்பால் மாற்றத் தொடங்கினால், அந்த அச்சமே சரிவை உண்டாக்கிவிடும். செக்கோஸ்லோவாக்கியா 1993 ஜனவரி 1 அன்று இரண்டானபோது, குறைந்தது ஆறு மாதம் ஒரே நாணயம் என்று பேசியிருந்தார்கள். பணம் செக் வங்கிகளுக்கு ஓடியது. பிப்ரவரி 8ஆம் தேதியே நாணயத்தைப் பிரித்துவிட்டார்கள். பழைய தாள்களில் வில்லை ஒட்டிப் புதுப் பணமாக்கினார்கள்! ஆனால் அயர்லாந்தைப் பாருங்கள். 1928இல் சொந்தப் பவுண்டை வெளியிட்டு, 1979 வரை பிரிட்டிஷ் பவுண்டுக்குச் சமமாக அசையாமல் வைத்திருந்தது. ஆகவே சிறிய நாட்டால் முடியாது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. அயர்லாந்து அந்த ஐம்பது ஆண்டுகளும் வட்டி விகிதத்தில் லண்டனைப் பின்தொடர வேண்டியிருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

நாணயத்தைத் தாங்கும் வருவாய்க்கு வடகடல் எண்ணெய் இருக்கிறது என்று அன்று வானளாவப் பேசினார்கள். பீப்பாய் 110 டாலர் என்ற கணக்கில் விடுதலைத் தரப்பின் திட்டம் எழுதப்பட்டது. 2016 ஜனவரியில் விலை 30 டாலருக்கும் கீழே போனது. ஒரே சரக்கின் விலையை நம்பி வரவுசெலவுத் திட்டம் போடுவதன் ஆபத்துக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2014 செப்டம்பர் 18 அன்று 84.6 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். பதினாறு வயதினருக்கும் வாக்கு இருந்தது. 55 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்றார்கள். ஆனால் இரண்டே ஆண்டில் பிரிட்டன் முழுவதும் நடந்த வாக்கெடுப்பில், ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்க 62 சதவீதம் ஸ்காட்லாந்து வாக்காளர்கள் விரும்பியும், பிரிட்டனோடு சேர்ந்து வெளியேற வேண்டியதாயிற்று. பிரிவது மட்டுமே ஆபத்து, இருப்பது பாதுகாப்பு என்ற வாதம் அன்றோடு வலுவிழந்தது.

2022 அக்டோபரில் ஸ்காட்லாந்து அரசு புதிய ஆவணம் வெளியிட்டது: முதலில் பவுண்ட், பிறகு சூழல் கனியும்போது ஸ்காட்டிஷ் பவுண்ட். தேதி இல்லை. அடுத்த மாதமே, லண்டன் சம்மதமின்றி வாக்கெடுப்பு நடத்த எடின்பரோ நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன் நாட்டைத் தானே ஆள விரும்பும் மக்களின் ஆசை நியாயமானது. அந்த ஆசையை வாக்காகக் கேட்பவர்கள், டைட்டன் தாளின் இடத்தில் எதை வைக்கப்போகிறார்கள், எப்போது, எவ்வளவு கையிருப்போடு என்பதைத் தொகையும் தேதியும் போட்டுச் சொல்ல வேண்டும். இதுவரை யாரும் சொல்லவில்லை.