மலைக்கு வந்த மில்லும் கைபேசிக்கு வந்த மூளையும்

'தொழில் அதிபர்' என்றதும் கோட்டும் சூட்டும் போட்ட ஒருவர்தான் நம் கண் முன்னே வந்து நிற்கிறார். பன்னிரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, சாமை மாவு அரைத்து, பாக்கெட் போட்டு, கடைகளுக்கு அனுப்பி, வந்த பணத்தைப் பங்கு பிரிக்கிறாளே ஒரு குழுத் தலைவி, அவளும் தொழிலை நடத்துகிறவள்தானே? அவளுக்காகவும், வீட்டிலிருந்தபடியே ஊறுகாய், மசாலாப் பொடி, தையல் என்று நாலு காசு பார்க்கும் சகோதரிகளுக்காகவும்தான் இந்தக் கட்டுரை.

2022 நவம்பர் 30-ம் தேதி 'சாட்ஜிபிடி' வெளிவந்தது முதல் எங்கே பார்த்தாலும் செயற்கை நுண்ணறிவு, ஏ.ஐ. என்றுதான் பேச்சு. "அது வந்தா நம்ம பொழப்பு போயிடுமாமே?" என்று சிலர் பயப்படுகிறார்கள். "அதெல்லாம் படிச்சவங்களுக்குங்க, நமக்கு எதுக்கு?" என்று சிலர் ஒதுங்கிவிடுகிறார்கள். புது இயந்திரம் வரும்போது எப்படி ஆரம்பிப்பது என்பதற்கு எங்கள் கொல்லிமலையிலேயே நல்ல பாடம் ஒன்று இருக்கிறது.

உலக்கை தந்த பாடம்

நாமக்கல் மாவட்டத்தில் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தால் கொல்லிமலை. சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு எல்லாம் தலைமுறை தலைமுறையாக விளைந்த மண். ஆனால் சாமையை அரிசியாக்குவது லேசான காரியமா? காட்டு வேலை முடித்து வந்த பெண்கள்தான் உலக்கை பிடித்துக் குத்திப் புடைக்க வேண்டும். தோள்பட்டை விட்டுப் போகும். இந்தச் சிரமம் ஒரு பக்கம். ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளிக் கிழங்கு கையில் காசு தந்தது இன்னொரு பக்கம். சிறுதானியக் காடுகள் சுருங்கத் தொடங்கின.

1990-களிலிருந்து இங்கே வேலை செய்துவரும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், "சாமை பயிரிடுங்கள்" என்று சொல்வதோடு நிற்கவில்லை. பெண்களுக்கு எங்கே கஷ்டம் என்று பார்த்தது. உமி நீக்கும் சிறு இயந்திரங்களும் மாவு மில்களும் ஊருக்குள்ளேயே வந்தன. அவற்றை நடத்தும் பொறுப்பு சுய உதவிக் குழுக்களிடம் வந்தது. பிறகு ரவை, மாவு, மால்ட் என்று விற்பனையும் வளர்ந்தது. முதலில் கை வலிக்கும் வேலை எது என்று பார்த்தார்கள். அதற்கேற்ற இயந்திரம் பிறகு வந்தது. ஏ.ஐ. விஷயத்திலும் இந்த வரிசைதான் சரி.

எந்த வேலை கை வலிக்கிறது?

ஒரு வாரம் குழு வேலைகளை நோட்டில் எழுதுங்கள். எதற்கு அதிக நேரம் போகிறது? டவுன் கடைக்காரருக்குக் கடிதம் எழுதவா? லேபிளை ஆங்கிலத்தில் போடவா? விலை நிர்ணயம் செய்யவா? அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நாள் அந்த ஒரு வேலைக்கு மட்டும் ஏ.ஐ.யின் உதவியைக் கேளுங்கள். டைப் அடிக்கத் தெரியாவிட்டாலும் கவலையில்லை, தமிழிலேயே வாயால் சொல்லலாம். நேரம் மிச்சமானால் தொடருங்கள். ஆகவில்லையா, விட்டுவிட்டு வேறொரு வேலையில் பாருங்கள்.

கேட்கும் விதம்

சமையலுக்குப் புதிதாக வந்தவரிடம் "குழம்பு வை" என்று மட்டும் சொன்னால் அவர் வீட்டு ருசியில்தானே வைப்பார்? எத்தனை பேர், காரம் எவ்வளவு என்று சொல்ல வேண்டாமா? ஏ.ஐ.யிடமும் அப்படித்தான்.

உதாரணத்துக்கு, 10 கிலோ சாமை மால்ட் தயாரிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். தானியம் ரூ.800, மற்ற சாமான் ரூ.200, அரவைக் கூலி ரூ.100, பாக்கெட் ரூ.150, பஸ் செலவு ரூ.150. ஆக ரூ.1,400. கால் கிலோ பாக்கெட் நாற்பது வரும். அடக்க விலை ஒன்றுக்கு 35 ரூபாய் என்று ஏ.ஐ. சொல்லும். கணக்கு சரிதான். ஆனால் வறுத்துப் புடைத்த நம் உழைப்பு எங்கே போயிற்று? அதற்கு ரூ.400 சேர்த்துச் சொன்னால் பாக்கெட் 45 ரூபாய். நாம் சொல்லாததை அது கணக்கில் சேர்க்கும் என்று நம்ப முடியாது. பெண்களின் உழைப்பைக் கணக்கில் விடுவது நம் வீடுகளிலேயே பழக்கமாயிற்றே!

சலித்துப் பார்த்த பிறகே மூட்டை

கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, அடுத்து எந்த வார்த்தை வரும் என்று கணித்துக் கோத்துக் கொடுப்பதுதான் ஏ.ஐ. செய்யும் வேலை. அதனால் தப்பையும் தேன் ஒழுகத்தான் சொல்லும். சாமைக்கு ஆங்கிலத்தில் லிட்டில் மில்லெட், வரகுக்குக் கோடோ மில்லெட், குதிரைவாலிக்குப் பார்ன்யார்ட் மில்லெட். இதில் ஒன்று மாறினாலும் லேபிள் பொய்யாகிவிடும். உணவுப் பாதுகாப்புத் துறை தரும் 14 இலக்க எண், தயாரித்த தேதி, நிகர எடை, சேர்மானம் இவற்றை உங்கள் சான்றிதழையும் நோட்டையும் பார்த்து நீங்களேதான் எழுத வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. "விளம்பரம் எழுதிக் கொடு" என்றால், "சர்க்கரை நோயைக் குணமாக்கும்" என்று அழகாக எழுதிக் கொடுத்துவிடலாம். உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 2018-ம் ஆண்டின் விதிமுறைகள் தடுக்கின்றன. சட்டம் கிடக்கட்டும். அதைப் படித்துவிட்டு எங்கோ ஒரு பாட்டி மாத்திரையை நிறுத்திவிட்டால்? அந்தப் பாவம் இயந்திரத்தின் தலையில் விழாது, பாக்கெட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள் தலையில்தான் விழும்.

வாசலில் போடக்கூடாத கோலம்

உறுப்பினர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், ஓ.டி.பி., யார் எவ்வளவு கடன் வாங்கினார்கள் என்ற விவரம் எதையும் அதில் போடாதீர்கள். கணக்குக் கேட்க வேண்டுமானால் பெயரை எடுத்துவிட்டு 'முதல் உறுப்பினர், இரண்டாம் உறுப்பினர்' என்று சொன்னால் போதும்.

சாவி யாரிடம்?

குழுவில் கைபேசி பழகிய ஒரே பெண்ணிடம் எல்லாவற்றையும் விட்டுவிடாதீர்கள். அவள் கல்யாணமாகிப் போனால் குழுவே திண்டாடும். இரண்டு மூன்று பேர் பழக வேண்டும். அது எழுதியதை எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினருக்கும் வாசித்துக் காட்டிய பிறகே வெளியே அனுப்ப வேண்டும். மிச்சமான நேரத்தை என்ன செய்வது என்பதையும் கூட்டத்தில் பேசுங்கள். இன்னும் நூறு பாக்கெட் போடலாம். பிள்ளைகளோடு அரை மணி உட்காரலாம், கொஞ்சம் காலை நீட்டிப் படுக்கலாம். அதுவும் லாபம்தான், சகோதரிகளே!

அடுத்த குழுக் கூட்டத்துக்கு அந்த நோட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.