பாரிஸில் ஞானத்தகப்பன்... உப்பளத்தில் பிள்ளை!

பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1-ம் தேதியே முடிந்துவிட்டாலும், புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். பிரான்ஸ் முழுசாகக் கைகழுவிக்கொண்ட அதே 1962-ல், பெல்ஜியத்திலிருந்து இங்கே வந்து இறங்கினார் மாடலின் ஹெர்மன் என்ற இளம்பெண். தொழுநோயாளிகளுக்கும் ஏழைக் குடும்பங்களுக்கும் உதவ ஆரம்பித்தார். உப்பளத்தில் வேரூன்றிய அந்த முயற்சிதான் 'வொலொந்தாரியா' தொண்டு நிறுவனம். நோயாளிக்கு மருந்து கொடுத்தால் மட்டும் போதுமா, அவர் பிள்ளையை யார் படிக்கவைப்பது? அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில், பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் இருக்கிற குடும்பங்கள்.

ஒரு குடும்பம், ஒரு பிள்ளை. மாதாமாதம் ஒரு தொகை. இப்படி உதவுகிறவரை பிரெஞ்சில் 'பர்ரேன்' என்பார்கள். ஞானத்தகப்பன் என்று அர்த்தம். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த உறவை விளக்க வேண்டிய அவசியமே இல்லை!

இதேபோல ஒன்றை ஆரம்பிக்கும் ஆசை, பிரான்ஸில் குடியேறிய 'சொல்தா' வீட்டுப் பிள்ளைகள் பலருக்கும் வரக்கூடியதுதான். பிரான்ஸ் பக்கத்தில் வேலை சுலபம். 1901-ம் வருடச் சட்டப்படி இரண்டு பேர் சேர்ந்தாலே சங்கம் அமைத்துவிடலாம்.

சிக்கல், பணம் இந்தியாவுக்குள் வரும் இடத்தில். அண்ணனிடம் பிரெஞ்சு பாஸ்போர்ட், தம்பியிடம் இந்திய பாஸ்போர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் பாரிஸில் ஒரே தெருவில் குடியிருக்கலாம். தம்பி தன் சொந்த சேமிப்பிலிருந்து வங்கி மூலம் ஊர் டிரஸ்ட்டுக்கு அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அண்ணன் அனுப்பினால் ஆகும். பிறந்தது முத்தியால்பேட்டையாகவே இருந்தாலும் சரி!

அண்ணனின் பணத்தை வாங்க, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி மத்திய உள்துறை அமைச்சகத்தில் பதிவு வேண்டும். அதற்கு டிரஸ்ட் தொடங்கி மூன்று வருடமாவது ஆகியிருக்க வேண்டும். அந்த மூன்று வருடத்தில் தொண்டுக்காக 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் அவ்வளவுக்கு எங்கே போவார்? அவருக்கு இருக்கும் வழி, குறிப்பிட்ட நன்கொடையாளர், குறிப்பிட்ட திட்டம் என்று சொல்லி முன் அனுமதி கேட்பது.

2020 திருத்தத்துக்குப் பிறகு பிடி இன்னும் இறுகிவிட்டது. வெளிநாட்டுப் பணம் முதலில் வந்து சேர வேண்டியது டெல்லியில் உள்ள ஸ்டேட் பேங்க் கிளைக் கணக்கில்தான். நிர்வாகச் செலவு 20 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு நிறுவனம் வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கவும் முடியாது. பெரிய நிறுவனங்களின் நிழலில் டியூஷன் சென்டர் நடத்திவந்த சின்ன அமைப்புகளுக்கு இதுதான் பெரிய அடி.

பதிவு ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். புதுப்பிக்க விட்டுப்போனால், ஞானத்தகப்பன் பணத்தோடு காத்திருந்தாலும் பிள்ளையின் ஃபீஸுக்கு அதைத் தொட முடியாது. எனவே, டிரஸ்ட் பத்திரம் எழுதும் நாளிலேயே ஒரு நல்ல ஆடிட்டரையும் பிடித்துவிடுவது நல்லது. வருடக் கணக்கை டிசம்பர் 31-க்குள் ஆன்லைனில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த வருடம் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்றாலும்!