தொழிற்சாலையும் ஒரு பள்ளியே

பள்ளியில் புதிதாகச் சேரும் மாணவி பாடங்களை மட்டுமா கற்கிறாள்? மணி அடித்ததும் அமைதி காப்பதையும், வரிசையில் நடப்பதையும், சிறுமியருக்கு உதவுவதையும் கற்கிறாள். இவை பாடநூலில் இல்லை; பள்ளியின் பண்பாட்டில் உள்ளன. தொழில் நிறுவனங்களுக்கும் இத்தகைய பண்பாடு உண்டு. அயல்நாட்டு நிறுவனமொன்று இங்கு ஆலை தொடங்கும்போது, இயந்திரங்களோடு தன் பண்பாட்டையும் கொண்டு வருகிறது. ஊழியருக்கு எதை, எவ்வளவு கற்பிப்பது என்பதைப் பெரிதும் முடிவு செய்வது அப்பண்பாடே.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஜப்பானின் சுசுகி நிறுவனம் 1982-இல் நம் நாட்டு மாருதி நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. 1983 டிசம்பரில் முதல் கார் வெளிவந்தது. தொழிலாளர் பலர் ஜப்பானுக்குச் சென்று பயிற்சி பெற்றனர். மேலாளருக்கும் தொழிலாளருக்கும் ஒரே சீருடை, ஒரே உணவுக்கூடம்! உயர்வு தாழ்வு பார்க்கும் வழக்கம் மிகுந்த நம் நாட்டில் இதுவும் ஒரு பயிற்சியே அன்றோ? ஆயினும் 2012-இல் அந்நிறுவனத்தின் மானேசர் ஆலையில் மூண்ட வன்முறையில் மேலாளர் ஒருவர் உயிரிழந்தார். சீருடை ஒன்றானால் மட்டும் மனக்குறைகள் தீர்ந்துவிடா என்பதை இது உணர்த்துகிறது.

இனி நம் மலைக்கு வருவோம். கொடைக்கானலில் பாம்பார் சோலையை ஒட்டி, 1980-களில் பாண்ட்ஸ் நிறுவனத்தின் வெப்பமானி ஆலை அமைந்தது. அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரில் இயங்கிவந்த ஆலையே இங்கு மாற்றப்பட்டது. பின்னர் அது யூனிலீவர் குழுமத்தைச் சேர்ந்த இந்துஸ்தான் லீவர் வசமாயிற்று.

காய்ச்சல் பார்க்கும் அந்நாளைய கண்ணாடி வெப்பமானியில் இருந்தது பாதரசம். சாதாரண வெப்பத்திலேயே அது ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சோடு உட்சென்று நரம்புகளையும் சிறுநீரகங்களையும் அது தாக்கக்கூடும். எனவே, இத்தொழிலில் கைவேலையைக் கற்பிப்பது பாதிப் பயிற்சியே. முகக்கவசம் ஏன் அணிய வேண்டும், வேலை உடையை ஏன் வீட்டிற்குக் கொண்டு செல்லக் கூடாது என்று காரணத்தோடு விளக்குவதே மறுபாதியாகும்.

2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதிப் பழைய பொருள் கிடங்கில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு கிடப்பதை ஊர் மக்களும் கிரீன்பீஸ் இயக்கமும் வெளிப்படுத்தினர். ஆலை மூடப்பட்டது. பாதரசத்தின் தீங்கு தங்களுக்குச் சரிவர எடுத்துரைக்கப்படவில்லை என்றனர் தொழிலாளர். நிறுவனமோ, தக்க பாதுகாப்பு முறைகள் இருந்தன, ஆலை வேலையால் எவர் உடல்நலமும் கெடவில்லை என்று கூறியது. 2003-இல் கழிவு அமெரிக்காவிற்கு அனுப்பப்பட்டது. 2006-இல் தொழிலாளர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். 2016 மார்ச்சில்தான் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. ஆலை மூடி ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன!

அன்பு மாணவியரே, நாளை உங்களுள் பலர் பெரிய நிறுவனங்களில் பணியேற்பீர்கள். 'இதை எப்படிச் செய்வது?' என்று கேட்பதோடு நில்லாமல், 'ஏன் இப்படிச் செய்ய வேண்டும்? இதில் ஆபத்து என்ன?' என்றும் கேளுங்கள். சிலர் மேலாளராகவும் உயர்வீர்கள். அப்போது அக்கேள்விகளுக்கு ஊழியர் அறிந்த மொழியில், மறைக்காமல் விடை சொல்லுங்கள். உடன் உழைப்பவரின் உயிரைத் தன் உயிர்போல் மதிக்கும் நிறுவனமே நல்ல பயிற்சியைத் தர முடியும்.